வலப்பக்கத்துக்காரி

வியாழக்கிழமை மருத்துவர் திரையில் காட்டிய கறுப்பு வெள்ளைப் படம் மூன்று நாளாகக் கிரிசெல்தாவின் கண்ணிலேயே நின்றது. போன நவம்பரில் அறுவை செய்து தைத்த வலது தோள் ஜவ்வு மறுபடியும் பிரிய ஆரம்பித்திருந்தது.

"இன்னும் ஒரு சீசன் ஆடினீங்கன்னா, தலை வாரக்கூடக் கை தூக்க முடியாது," என்றார் மருத்துவர்.

"ஞாயிற்றுக்கிழமை ஒரு மேட்ச் இருக்கு, டாக்டர்."

"அதுதான் கடைசின்னு எனக்கு வாக்குக் குடுங்க."

கொடுத்தாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தங்கை ஐலெனிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் மூன்று நாளும் யோசித்தாள். அறுவை முடிந்து தன் கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் கிடந்த மாதங்களில் எத்தனையோ பேர் ஐலெனை ஜோடி சேர அழைத்தார்கள். "எங்க அக்கா திரும்பி வரட்டும்" என்று ஒரே பதிலைச் சொல்லிக் காத்திருந்தவள் அவள். அந்த மாதிரி ஒருத்தியிடம் போய், வந்துவிட்டேன், ஆனால் இனி வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? இறுதி ஆட்டம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருந்தாள்.

இதோ, ஞாயிறு வந்துவிட்டது.

பூமியின் தென்பாதியில் ஜூலை குளிர்காலம்; தாந்தீல் ஊரின் மலைகள் வெளுத்துக் கிடந்தன. அப்பா ஒஸ்வால்தோ இத்துரால்தேயின் கிளப்பில், டென்னிஸ் போல ஆனால் பந்து சுவரில் மோதித் திரும்பினாலும் அடித்து ஆடுகிற ஜோடி ஆட்டத்துக்கு இரண்டு ஆடுகளங்கள். ஒன்று, பழைய சிமெண்டுச் சுவர் வைத்தது. அதில்தான் அக்காவும் தங்கையும் ஆடி வளர்ந்தார்கள். இன்னொன்று, ஆறு வருஷத்துக்கு முன் கட்டிய கண்ணாடிச் சுவர்க் களம். இறுதி ஆட்டம் அதில். காலை பத்தரைக்கே கம்பி வேலியைச் சுற்றி ஜனம் சேர்ந்துவிட்டது. ஆளுக்கொரு வெந்நீர்க் குடுவை, ஆளுக்கொரு மாத்தே மூலிகைத் தேநீர்க் குவளை. அம்மா நெலிதா கேண்டீனில் கறி அடைத்த எம்பனாடாவுக்கு மாவு தேய்த்தபடியே சன்னல் வழியாக அதட்டிக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடிமேல யாரும் சாயாதீங்க! கைரேகை எல்லாத்தையும் நான்தான் துடைக்கணும்!"

கிரிசெல்தா புதுப் பந்து டப்பா எடுக்கச் சிமெண்டுக் களத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குப் போனாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல் கேட்டது.

"அவகிட்ட சொல்லிட்டியா, ஒல்லி?"

ஒல்லி என்பது ஐலெனுக்கு அப்பா வைத்த பெயர்.

"இல்லப்பா."

"காந்தேலாவோட கோச் ஃபாப்ரீசியோ உன்னைப் பாக்கத்தான் மாட்ரிட்லேர்ந்து வந்திருக்கார். இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஜோடிப் பேரைப் பதிவு பண்ணணுமாம். இன்னும் எப்பச் சொல்லப்போற?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? 'கிரி, நீ எட்டு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு திரும்பி வந்துட்ட, ரொம்ப சந்தோஷம், நான் ஸ்பெயினுக்குப் போறேன்'னா?"

"காந்தேலா மாதிரி ஒரு ஆட்டக்காரி இடது பக்கத்துக்கு ஆள் தேடறா. இது ரெண்டாவது தடவை வராது."

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

பிறகு ஐலெனின் குரல் தாழ்ந்து வந்தது.

"நான் இன்னிக்கு மோசமா ஆடினா, அவரே வேண்டாம்னு எழுந்து போயிடுவார் இல்ல? யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம்."

"பைத்தியம் மாதிரி பேசாத!"

கிரிசெல்தா பந்து டப்பாவை மார்போடு அணைத்தபடி நின்றாள். அது காலியான டப்பா என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

*

கிரிசெல்தாவின் மட்டையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

தோள் போவதற்கு முன் அவள் வைத்திருந்தது கூர்முனை மட்டை. கனமெல்லாம் தலைப்பக்கம். அடித்தால் வெடிக்கும். வலப்பக்கத்தில் ஆடுகிறவளுக்கு அடிக்கிற சந்தர்ப்பம் குறைவுதான். ஆட்டத்தைக் கட்டுவது வலப்பக்கம், முடிப்பது இடப்பக்கம். ஆனாலும் செட்டுக்கு நாலு அடியாவது தன் பங்குக்கு அடித்து, பந்து வேலியைத் தாண்டி வெளியே பறப்பதைப் பார்ப்பதில் அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது.

அறுவைக்குப் பின் வாங்கியது வட்ட மட்டை. உள்ளே மெத்தென்ற நுரை, கனமெல்லாம் கைப்பிடிப் பக்கம். கையில் எடுத்தால் இலேசு. பந்து வந்து பட்டால் ஒரு கணம் மட்டையிலேயே தங்கி, எங்கே போகட்டும் என்று கேட்டுவிட்டுப் போகிற மாதிரி இருக்கும். நடுவில் படாமல் கொஞ்சம் ஓரத்தில் பட்டாலும் மன்னித்துவிடும். தோளுக்கு அதிர்ச்சி ஏறாது. ஆனால் வேகம் மட்டும் தராது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும், பந்து எதிராளியின் கண்ணாடியில் மோதி நிதானமாகத் திரும்பி வரும்.

முதல் வாரம் அவள் அதை வெறுத்தாள். "தலையணையால அடிக்கற மாதிரி இருக்கு," என்று ஐலெனிடம் குறைப்பட்டாள்.

"நீ எதுக்கு அடிக்கற? அடிக்கத்தான் நான் இருக்கேனே," என்று சிரித்தாள் ஐலென்.

*

எதிர் ஜோடி ஓலவர்ரியா என்ற ஊரிலிருந்து வந்திருந்தது. அதில் உயரமானவள் ரொமினா, சுருட்டை முடியை வாரித் தூக்கிக் கட்டியிருப்பாள். பத்து வருஷப் பழக்கம். களத்துக்கு வெளியே நல்ல சிநேகிதி, உள்ளே இரக்கமே கிடையாது.

முதல் செட்டில் ஐலென் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ஜனம் முணுமுணுத்தது. அடிக்க வேண்டிய பந்தை வலையில் போட்டாள். விட வேண்டிய பந்தை அடித்தாள். மூன்றாவது வரிசையில் வெள்ளை ஜெர்கின் போட்டு உட்கார்ந்திருந்த ஃபாப்ரீசியோ தன் குவளையில் வெந்நீர் ஊற்றினார், குடித்தார், மறுபடி ஊற்றினார். ஒரு பந்துக்கும் நிமிர்ந்து உட்காரவில்லை.

ஆறுக்கு இரண்டு என்று செட் போய்விட்டது.

பெஞ்சில் உட்கார்ந்ததும் கிரிசெல்தா துண்டால் முகத்தைத் துடைத்தபடி கேட்டாள்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல. குளிருது. மட்டை கல்லு மாதிரி ஆயிடுச்சு."

"மட்டைமேல பழி போடாத."

"அப்ப நீ அடிச்சுக் காட்டேன்!" என்று வெடுக்கென்று சொன்ன ஐலென், உடனே அக்காவின் தோளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "மன்னிச்சுக்கோ கிரி. வாய் தவறிடுச்சு."

கிரிசெல்தா அவளைப் பார்த்தாள். இருபத்தைந்து வயது. குளிரில் மூக்கு நுனி சிவந்திருந்தது. இவள் வேண்டுமென்றே தோற்கிறாள், எனக்காகத் தோற்கிறாள். கிரிசெல்தாவுக்குக் கோபம் வந்தது. என் உடைந்த தோளை உன் காலில் கட்டிக்கொள்ளச் சொல்லி நான் கேட்டேனா?

இனி வலை அருகே போய் நின்று சண்டை போட வேண்டியதில்லை. ஒரே வேலைதான். ஐலென் அடிக்காமல் இருக்கவே முடியாத பந்துகளை அவளுக்கு வரவழைக்க வேண்டும்.

இரண்டாவது செட்டின் முதல் பந்தை அவள் மேலே தூக்கிவிட்டாள்.

உயரமாக, மிக உயரமாக. ரொமினா பின்னோக்கி ஓடினாள். பந்து அவள் தலையைத் தாண்டி மூலையில் விழுந்து, கண்ணாடியைத் தொட்டது தெரியாமல் தொட்டு, அங்கேயே செத்தது. குளிர்நாளில் பந்து எழும்பாது. கூர்முனை மட்டையால் இந்தப் பந்தைத் தூக்கியிருந்தால், ஒரு விரல்கடை கூடிப்போய்க் கண்ணாடியில் நேராக மோதித் திரும்பியிருக்கும். வட்ட மட்டை பந்தை ஒரு கணம் பிடித்து, சொன்ன இடத்தில் கொண்டுபோய் இறக்கியது.

அடுத்ததும் அதே மூலை. அதற்கு அடுத்ததும்.

ரொமினாவால் அதைத் தோண்டித்தான் எடுக்க முடிந்தது. தோண்டி எடுத்த பந்து மெதுவாக, உயரமாக, களத்தின் இடப்பக்கம் வந்தது. அங்கே ஐலென் நின்றாள்.

முதல் பந்தைத் தயக்கத்தோடு தள்ளினாள். இரண்டாவதை அரை மனதாக அடித்தாள். மூன்றாவது பந்து நெற்றிக்கு நேரே, பழுத்த பழம் போல இறங்கியபோது, அவள் மனம் என்ன நினைத்ததோ, உடம்பு அதைக் கேட்கவில்லை. எகிறினாள். அடித்தாள். பந்து எதிர்க்களத்தில் குத்திப் பக்க வேலிக்கு மேலே பறந்து, யூகலிப்டஸ் மரங்களுக்குள் போய் விழுந்தது.

ஜனம் ஆர்ப்பரித்தது. அம்மா சன்னலிலிருந்து மாவுக் கையோடு கைதட்டினாள்.

ஃபாப்ரீசியோ குவளையைக் கீழே வைத்தார்.

அதன் பிறகு கிரிசெல்தா நிறுத்தவில்லை. எதிராளிகள் வலைக்கு வந்தால் காலடியில் மெல்லச் சாய்த்துவிட்டாள். பின்னால் போனால் தலைக்கு மேலே தூக்கினாள். பார்க்கிறவர்களுக்கு அவள் எதுவுமே செய்யாதது போலத்தான் இருந்தது. கைதட்டல் எல்லாம் இடப்பக்கத்துக்கே போனது. மூன்றாவது வரிசையில் இருந்தவரின் தலையும் இடப்பக்கம்தான் திரும்பியிருந்தது. சரியாகத்தான் நடக்கிறது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே நெஞ்சில் ஏதோ ஒன்று அறுந்தது.

செட் ஆறுக்கு மூன்று.

மூன்றாவது செட்டில் ரொமினா விழித்துக்கொண்டாள். ஐந்துக்கு ஐந்து என்று வந்ததும் தன் ஜோடியிடம் ஏதோ கிசுகிசுத்தாள். அதிலிருந்து எல்லாப் பந்தும் கிரிசெல்தாவின் தலைக்கு மேலே வந்தன. இவளால் ஓங்கி அடிக்க முடியாது என்பதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

தட்டில் காபி ஏந்திப் போகிற பரிசாரகனைப் போல மட்டையைக் காதோரம் பிடித்து, ஓங்காமல், வெட்டி மட்டும் அனுப்பினாள் கிரிசெல்தா. ஒன்று. மறுபடி ஒன்று. எட்டாவது பந்தில் தோளுக்குள் சூடான கம்பியை யாரோ இழுத்த மாதிரி இருந்தது. ஒன்பதாவது பந்துக்குக் கையை உயர்த்தும்போது கண் இருட்டியது. மட்டை இலேசாக இருந்ததால் தூக்க முடிந்தது. நடுவில் படாத பந்துகளையும் அது காப்பாற்றிக் கொடுத்தது. பன்னிரண்டாவது பந்தை எப்படி அனுப்பினாள் என்று அவளுக்கே தெரியாது.

அக்கா தங்கைக்கு ஆறு, எதிராளிக்கு ஐந்து. ஆட்டத்தின் கடைசிப் புள்ளி.

ரொமினா தூக்கிய பந்து இந்த முறை குறைவாகப் போய்விட்டது. வலப்பக்கத்தில், வலைக்கு நாலடி தூரத்தில், கிரிசெல்தாவின் தலைக்கு நேராக இறங்கியது. கையைத் தூக்கி ஓர் அடி, அவ்வளவுதான். கடைசி ஆட்டத்தின் கடைசிப் பந்து. அது அவளுடையது. அவளுக்கே அவளுக்கானது.

"உன்னோடது!" என்று கத்திவிட்டு அவள் விலகினாள்.

ஐலென் குறுக்கே பாய்ந்து வந்து அடித்தாள். பந்து எங்கே விழுந்தது என்று யாரும் தேடவில்லை. ஜனம் களத்துக்குள் வந்துவிட்டது. ஐலென் அக்காவைக் கட்டிப்பிடித்து, அப்படியே தூக்கிச் சுற்றினாள்.

"மெதுவா! மெதுவாடி!" என்றாள் கிரிசெல்தா. வலியில் வந்த கண்ணீரை எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் என்றே நினைத்தார்கள்.

ஃபாப்ரீசியோ வேலிக்கதவைத் திறந்து உள்ளே வந்தார். வலது கையை நீட்டினார். கிரிசெல்தா இடது கையைக் கொடுத்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை, கண் ஐலென்மேல் இருந்தது.

"நல்லா ஆடினீங்க. இந்த மட்டை உங்க வயசுக்கு ரொம்பப் பொருத்தம்," என்றார்.

முப்பத்து நாலு வயதுக்காரி சிரித்து வைத்தாள்.

*

மதியம் கிளப் முற்றத்தில் கறி சுட்டார்கள். அப்பா கரண்டியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போய், கடைசிப் பந்தை நடித்துக் காட்டினார். ஓலவர்ரியா ஜோடியும் உட்கார்ந்து சாப்பிட்டது. கிரிசெல்தா இடது கையால் முள்கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டதாகப் பேர்.

ஐலெனும் ஃபாப்ரீசியோவும் மரத்தடியில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் காரில் ஏறி ஹோட்டலுக்குப் போனார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஐலென் முகத்திலும் இருந்தது. சரி, முடிந்தது, இனி அவள் வந்து சொல்வாள், தாங்கிக்கொள்ள வேண்டும் என்று கிரிசெல்தா தன்னைத் தயார் செய்துகொண்டாள்.

நாலரை மணிக்கு ஐலென் வந்து அவளைச் சிமெண்டுக் களத்துக்கு அழைத்துப் போனாள். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்கள். சிமெண்டு பகல் வெயிலைக் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தது.

"ஒரு விஷயம் சொல்லணும். திட்டக் கூடாது."

"சொல்லு."

"ஃபாப்ரீசியோ என்னைக் காந்தேலாவுக்கு ஜோடியாக் கூப்பிட்டார். ஸ்பெயினுக்கு. பத்து நாளாச்சு. உன்கிட்ட சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

"ம்."

"கோவமா?"

"இல்ல. நல்ல விஷயம்தானே. எப்பக் கிளம்பற?"

ஐலென் குறும்பாகச் சிரித்தாள்.

"கிளம்பல. முடியாதுன்னு சொல்லிட்டேன்!"

கிரிசெல்தாவுக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை.

"என்ன சொன்ன?"

"மாட்டேன்னுட்டேன். அந்த ஆள் நம்பவே இல்ல. 'ஆறு மணி வரைக்கும் பேரு போடாம வெச்சிருக்கேன், யோசி'ன்னு சிரிச்சுக்கிட்டே போறார். யோசிக்க என்ன இருக்கு? கிரி, இன்னிக்கு நீ ஆடின ஆட்டத்தை நீயே பாத்திருக்கணும். காலைல வரைக்கும் எனக்கு மனசு ரெண்டா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீ அந்த வட்ட மட்டையை வெச்சுக்கிட்டு வலப்பக்கம் நின்னா, நம்மள யாரால ஜெயிக்க முடியும்? ரெண்டே வருஷம். நாம ரெண்டு பேருமா சேர்ந்தே ஸ்பெயினுக்குப் போவோம். யாரும் வந்து கூப்பிடத் தேவையில்ல."

அவள் முகம் மின்னியது. சின்ன வயதில் முழங்கால் உரிந்து, இரத்தம் வழிய, "ஜெயிச்சுட்டோம்" என்று ஓடிவந்தபோது இருந்த அதே முகம்.

அவளை அனுப்புவதற்காக ஆடிய ஆட்டம் அவளைக் கட்டிப் போட்டுவிட்டது.

தோளைப் பற்றிச் சொல்லிவிடலாமா? நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. இந்தப் பைத்தியம் இன்னொரு எட்டு மாதம் காத்திருப்பாள். எட்டு மாதம் ஒரு வருஷமாகும், பிறகு இரண்டாகும். ஊரில் சின்னப் பந்தயங்களில் யார் யாருடனோ ஆடிக்கொண்டு, அக்காவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டு, இந்தக் கிளப்பிலேயே கிடப்பாள். ஒரு நாளும் குறை சொல்ல மாட்டாள்.

"எனக்கு உன்கூட ஆட இஷ்டமில்ல," என்றாள் கிரிசெல்தா.

"என்னது?"

"காதுல விழல? நானும் உன்கிட்ட சொல்லத்தான் நேரம் பாத்துக்கிட்டிருந்தேன். ஆகஸ்டுலேர்ந்து ரொமினா கூட ஆடப் போறேன்."

"விளையாடாத."

"முதல் செட்டை வேணும்னேதானே விட்ட? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? கொட்டகைல நீயும் அப்பாவும் பேசினதெல்லாம் கேட்டேன். என்மேல பரிதாபப்பட்டு ஆடற ஜோடி எனக்கு வேண்டாம்."

"கிரி, அது அப்படி இல்ல..."

"ஒன்பது வருஷமா உன் பின்னாடி ஓடி ஓடி நீ விட்டதையெல்லாம் எடுத்துக்கிட்டிருக்கேன். நான் கட்டறேன், நீ அடிக்கற, உனக்குக் கைதட்டறாங்க. இன்னிக்கு அந்த ஆள் என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? வயசுக்கு ஏத்த மட்டையாம். உன் பக்கத்துல நின்னா நான் யார் கண்ணுக்குமே தெரியறதில்லடி. அலுத்துப்போச்சு எனக்கு."

பொய் சொல்லத்தான் ஆரம்பித்தாள். ஆனால் சொல்லச் சொல்ல, அந்த வார்த்தைகள் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் வந்தன. எத்தனையோ வருஷமாக உள்ளே எங்கேயோ உட்கார்ந்திருந்தவை போல, வரிசையாக, சூடாக வந்தன. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஐலெனும் அதைக் கேட்டுவிட்டாள். வெறும் பொய்யாக இருந்திருந்தால் அவள் கண்டுபிடித்திருப்பாள்.

ஐலென் எழுந்து நின்றாள்.

"எட்டு மாசம் உனக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்."

"நான் கேட்டேனா?"

"உனக்குச் சட்டை மாட்டிவிட்டேன். உனக்குக் கறி வெட்டிக் குடுத்தேன்."

"நான் கேட்டேனான்னு கேக்கறேன்!"

ஐலென் மிக மெல்லிய குரலில் சொன்னாள்.

"உன் தோள் போன அன்னிக்கே நான் போயிருக்கணும்."

திரும்பி நடந்தாள். ஓடவில்லை. நடந்தாள். முற்றத்தில் அப்பா, "ஒல்லி, எங்க போற?" என்று கேட்பது காதில் விழுந்தது. பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பாவின் பழைய பிக்கப் வண்டி உறுமிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனது.

கிரிசெல்தா எழுந்திருக்கப் பார்த்தாள். வலது கையைத் தரையில் ஊன்ற முடியவில்லை. மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. வாயை முழங்காலில் அழுத்தி, சத்தம் வெளியே போகாமல் அழுதாள்.

*

எத்தனை நேரம் ஆயிற்றோ. களத்தின் வாசலில் நிழல் தட்டியது. ரொமினா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பத் தயாராக நின்றிருந்தாள்.

"கண்ணைத் துடை. உங்கப்பா பாத்தா பதறிடுவார்."

கிரிசெல்தா இடது கையால் துடைத்துக்கொண்டாள்.

"உன் தங்கச்சி போறதுக்கு முன்னாடி கார்கிட்ட என்னைப் பிடிச்சா," என்றாள் ரொமினா. "'கிரி உன்கூட ஆடப் போறாளாமே, நிஜமா?'ன்னு கேட்டா."

இதைக் கிரிசெல்தா யோசிக்கவே இல்லை.

"நீ என்ன சொன்ன?"

ரொமினா உள்ளே வந்து அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தாள்.

"இன்னிக்குப் பன்னிரண்டு பந்து உன் தலைக்கு மேல தூக்கினேன். வலைக்கு அந்தப் பக்கம் நின்னு உன் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நாலாவது பந்துலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஜெயிக்கணும்னு அப்புறமும் எட்டு தூக்கினேன். அதுக்கு என்னை நீ மன்னிக்கணும்."

"ரொமி, நீ என்ன சொன்ன?"

"ஆமான்னு சொன்னேன்."

கிரிசெல்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏன் எதுக்குன்னு எனக்குத் தெரியல. நீ ஒரு காரணம் இல்லாம அப்படிச் சொல்ல மாட்டன்னு மட்டும் தோணுச்சு. ஆமா, ஆகஸ்டுலேர்ந்துன்னேன்." ரொமினா பையைக் கீழே இறக்கினாள். "அதுக்கப்புறம் அவ மூஞ்சியை என்னால பாக்க முடியல."

பிறகு ரொமினா அவளை இடது பக்கம் பிடித்து எழுப்பி நிறுத்தினாள். சட்டையின் தூசியைத் தட்டிவிட்டாள். வேறொன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

கேண்டீன் கதவு படீரென்று திறந்தது. அப்பா கையில் போனோடு வேகமாக வந்தார்.

"கிரி! ஃபாப்ரீசியோ பேசறார். ஒல்லி எங்கன்னு கேக்கறார். அவ போனை எடுக்கலையாம். இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்காம், இல்லேன்னா வேற பொண்ணு பேரைப் போட்டுடுவாராம். அவ எங்க? உங்களுக்குள்ள என்ன நடந்துச்சு?"

ஐலென் ஃபாப்ரீசியோவைத் தேடிப் போகவில்லை. அவரைக் கூப்பிடவும் இல்லை. அப்படியானால் அந்த வண்டி எந்தப் பக்கம் போயிருக்கிறது?

"போனைக் குடுப்பா."

"முதல்ல எனக்குச் சொல்லு..."

"குடு."

இடது கையால் வாங்கிக் காதில் வைத்தாள்.

"கிரிசெல்தா பேசறேன்."

"உங்க தங்கச்சியைக் கூப்பிடுங்க," என்றது ஃபாப்ரீசியோவின் குரல். "இனிமே என்னால காத்திருக்க முடியாது. சம்மதமா, இல்லையா?"

கேட்டுக்கு வெளியே சாலை வெறிச்சென்று கிடந்தது. மலைப்பக்கம் போகிற வழியிலும் ஒன்றுமில்லை, ஊர்ப்பக்கம் போகிற வழியிலும் ஒன்றுமில்லை. அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சம்மதம்," என்றாள் கிரிசெல்தா. "பேரை எழுதிக்குங்க. ஐலென் இத்துரால்தே."

"அவளே சொன்னாளா?"

"அவளே சொன்னா."